ஒன்பது கையெழுத்து

ஆகஸ்ட் 4, திங்கள்

இந்த நோட்டு பயிற்சி கொடுக்க வந்த அம்மா கொடுத்தது. விடுதியில் உள்ள நூற்றுப் பன்னிரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் 'உன் குரல், உன் உரிமை' என்று பச்சை எழுத்தில் அச்சடித்திருக்கிறது. பிள்ளைகள் கோலமும் பாட்டும் எழுதியே அவரவர் நோட்டைத் தீர்த்துவிட்டார்கள். என்னுடையது மட்டும் எட்டு மாதமாகச் சும்மா கிடந்தது. முதல் பக்கத்தில் பெயர், வேலை, ரத்த வகை என்று கோடு போட்டிருந்தது. நிரப்பினேன். செண்பகவல்லி. நூல் மில் பெண்கள் விடுதி வார்டன். ரத்த வகை தெரியாது.

இன்று மேனேஜர் நந்தகோபால் சார் கூப்பிட்டு அனுப்பினார். போன வருடம் எங்கள் மில், வெளிநாட்டுத் துணிக் கம்பெனிகள் நடத்தும் 'நம்பிக்கை நூல்' என்ற திட்டத்தில் சேர்ந்தது. சட்டம் கேட்டுச் சேர்ந்ததில்லை. முதலாளியே முன்வந்து, தொழிலாளர்களை இப்படி இப்படி நடத்துவோம் என்று பன்னிரண்டு வாக்குறுதி கொடுத்திருக்கிறார். அவற்றைப் பலகையில் எழுதி விடுதி வாசலில் மாட்டியிருக்கிறார்கள். தூசி தட்டுவது என் வேலை. வாக்குறுதியைக் காப்பாற்றுகிறோமா என்று பார்க்க இந்த மாதம் 29ஆம் தேதி ஆடிட்டர் வருகிறாராம்.

"புகார்ப் பெட்டி வெச்சு ஒரு வருஷம் ஆச்சு, ஒரு புகார்கூட இல்லைன்னா நம்பமாட்டேங்கறாங்க செண்பகம்மா. நூறு பொண்ணுங்க இருக்கற இடத்துல ஒரு குறையுமா இல்லைன்னு கேக்கறாங்க."

"அப்ப பிள்ளைகள எழுதச் சொல்றேன் சார்."

"அவங்களை விட்டா என்னத்தையாவது எழுதி வெப்பாங்க. நீங்களே ஒரு பத்து எழுதிப் போட்டுருங்க. சின்னச் சின்னதா. உங்களுக்குத்தான் கை நல்லா வருதே."

அதைச் சொல்லும்போது அவர் ஜன்னலைப் பார்த்தார். நான் அவர் மேசையில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ரசத்தில் உப்பு அதிகம் என்று வாட்ச்மேன் வீரணன் அண்ணன்கூடச் சொன்னார். எட்டு மணிக்குக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை வீரணன் அண்ணனிடம் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 6, புதன்

புகார் எழுதுவது இவ்வளவு சுகமான வேலை என்று எனக்குத் தெரியாது. மத்தியானம் அறையைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். ஒன்றில் எழுத்து குண்டு குண்டாக, ஒன்றில் எறும்பு போல, ஒன்றில் ஆறாம் வகுப்போடு நின்ற பிள்ளை எழுதுவதுபோல் வரி ஏறி இறங்கி. பேனாக்களை மாற்றினேன். இரண்டு சீட்டில் தேங்காய் எண்ணெய் விரலால் தொட்டேன். எண்ணிப் பார்த்தால் எனக்கு ஒன்பது கையெழுத்து வருகிறது. பள்ளிக்கூடத்தில் டீச்சருக்குப் பதில் கரும்பலகையில் எழுதிய கை இது. இதை வைத்துத்தான் நூல் சுற்றும் வேலையிலிருந்து வார்டன் ஆனேன். என் மகள் இந்துமதி முதலாளியின் டிரஸ்ட் கல்லூரியில் நர்சிங் இரண்டாம் வருடம் படிப்பதும் இந்த வேலையால்தான்.

எழுதியது பத்து. அவற்றில் சில: இரண்டாவது ஹாலில் மின்விசிறி ஓடவில்லை. குழாயில் செம்மண் தண்ணீர் வருகிறது. டிவியை ஒன்பது மணிக்கே அணைக்கிறார்கள். இட்லி கல் மாதிரி இருக்கிறது. கடைசிப் புகார் சமையல்காரம்மாள் காதுக்குப் போனால் என்னைக் கொன்றுவிடுவாள்.

ஆகஸ்ட் 9, சனி

ஒரு வேடிக்கை. புகாரைத் தீர்த்ததற்கு ஆதாரமாக சரிசெய்வதற்கு முன்னால் ஒரு போட்டோ, சரிசெய்த பின்னால் ஒரு போட்டோ கோப்பில் ஒட்ட வேண்டுமாம். என்னென்ன எழுதினேன் என்று மேனேஜரிடம் முன்பே பட்டியல் கொடுத்திருந்தேன். போட்டோவுக்காக எலக்ட்ரீஷியன் வந்து மின்விசிறியை நிஜமாகவே சரிசெய்துவிட்டார். நான்கு வருடமாக நான் வாயால் சொல்லி நடக்காதது. உடனே உட்கார்ந்து இன்னும் நான்கு எழுதினேன். குளியலறைத் தாழ்ப்பாள், வெந்நீர், நாப்கின் போட மூடி வைத்த கூடை, நூல் ஹாலில் பஞ்சுத் தூசிக்கு முகமூடி.

"யாரு புகார் எழுதுனாகளோ, அவுக கை நல்லாருக்கட்டும்" என்று சாப்பாட்டு வரிசையில் ஒரு பிள்ளை சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, சந்தோஷமாகவும் இருந்தது.

சமையல்கட்டு அம்மிக் குழவியை யாரோ கம்பிக் கதவோரம் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள். இருட்டில் யாராவது இடறி விழவா. எடுத்து உள்ளே வைத்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

பெட்டியைத் திறந்தேன். நான் போட்டது பதினான்கு. இருந்தது பதினைந்து.

பதினைந்தாவதில் எழுத்து இடது பக்கம் சாய்ந்திருந்தது. 'ராத்திரி கம்பிக் கதவைப் பூட்டாதீர்கள். அவசரம் என்றால் எப்படி வெளியே போவது.' பெயர் இல்லை.

இது என்ன கேள்வி? வயசுப் பிள்ளைகள். பெற்றவர்கள் எங்களை நம்பி விட்டுப் போயிருக்கிறார்கள். நாளைக்கு ஒன்று ஆனால் பதில் சொல்வது நான். பூட்டுவது பாதுகாப்புக்கு, அடைத்துவைப்பதற்கு இல்லை. சீட்டை மடித்து இந்த நோட்டுக்குள் வைத்தேன். பதினான்கை மட்டும் ஆபீசில் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

வருகைப் பதிவேட்டில் கையெழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இடது கையால் எழுதுகிறவள் ஒருத்திதான். பதினைந்தாம் கட்டில், காளீஸ்வரி. விருதுநகர்ப் பக்கத்துப் பெண், பத்தொன்பது வயது. முன்பு ஓயாமல் பேசுவாள். இப்போது இரண்டு மாதமாகச் சாப்பிட்ட தட்டைக் கழுவும் சத்தம் மட்டும்தான்.

பதினான்காம் கட்டிலுக்குப் புதுப் பெண்ணைப் போடச் சொல்லி மேனேஜர் சொல்லியனுப்பினார். கட்டிலின் கால் ஆடுகிறது என்று சொல்லிவிட்டேன்.

குழவி மறுபடியும் கதவோரம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

பிள்ளைகளை வேனில் சந்தைக்கு அழைத்துப் போனேன். முப்பது பேர் போனோம், முப்பது பேர் திரும்பினோம். எண்ணி ஏற்றி, எண்ணி இறக்கினேன்.

சாயங்காலம் இந்து போன் பண்ணினாள். பரீட்சை நன்றாக எழுதியிருக்கிறாளாம். வைக்கும்போது, "அம்மா, வீசிங் வந்தா ஒருத்தர் எத்தன நிமிஷம் தாங்குவாங்கன்னு ஜூன்ல கேட்டியே, எதுக்குக் கேட்ட?" என்றாள்.

"டிவில ஒரு நாடகம் பாத்தேன்டி."

"எங்க மேடத்துட்ட கேட்டேன். ஆளப் பொறுத்ததாம். ஆனா சீக்கிரம் ஆக்சிஜன் வெச்சா பெரும்பாலும் காப்பாத்திரலாமாம்."

"சரி, வை. சாப்பிடு" என்றேன்.

ஆகஸ்ட் 20, புதன்

இரண்டாவது சீட்டு. அதே சாய்ந்த எழுத்து. 'நாகஜோதி மூச்சுக்குத் தவித்தது எல்லாருக்கும் தெரியும். வார்டன் அக்காவுக்கும் தெரியும்.'

சரி. எழுதிவிடுகிறேன். நோட்டுதானே, யார் படிக்கப்போகிறார்கள்.

பதினான்காம் கட்டில் நாகஜோதியுடையது. காளீஸ்வரியும் அவளும் ஒரே ஊர், ஒரே நாளில் வந்தவர்கள். பஞ்சுத் தூசி அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜூன் 11 அன்று எட்டரை மணிக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. கதவு பூட்டியிருந்தது. முதலாளி வீட்டுக் கல்யாண வரவேற்பில் கார் நிறுத்துவதற்கு வீரணன் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தார்கள். சாவி அவர் சட்டைப் பையில். அவரிடம் போன் கிடையாது. மேனேஜருக்கு ஒன்பது தடவை அடித்தேன். மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று பிறகு சொன்னார். சாவி வந்துசேர நாற்பது நிமிடம் ஆனது. வேனில் ஏற்றும்போது அவள் கை குளிர்ந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் பத்து நிமிடத் தூரம்தான்.

நான் முதுகைத் தடவிவிட்டேன். வெந்நீர் கொடுத்தேன். செய்ய முடிந்ததெல்லாம் செய்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

மேனேஜரிடம் பெட்டிக்கு இன்னொரு சாவி இருப்பது இன்றுதான் தெரியவந்தது. என்னைக் கூப்பிட்டு மேசையில் ஒரு சீட்டை நகர்த்தினார். 'ஆடிட்டர் வந்தால் கதவைப் பற்றிச் சொல்வேன்.'

"யாருது இது?"

"நான்தான் சார் எழுதினேன்."

"இதையா?"

"எல்லாமே இட்லி, மின்விசிறின்னு இருந்தா சந்தேகம் வரும்னு ஒண்ணு காரமா எழுதிப் பாத்தேன் சார்."

ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினார். "எழுதுங்க பார்ப்போம்."

பேனாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எழுதினேன். இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அச்சாக இருந்தது. சிரித்துவிட்டார். "பயங்கரமான ஆளுங்க நீங்க. இவ்வளவு காரம் வேண்டாம்" என்று இரண்டையும் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டார். நான் கதவருகே வந்தபோது, "இந்து படிப்பு நல்லா போகுதுங்களா? போன வாரம்கூட டிரஸ்ட் மீட்டிங்ல பேர் வந்துச்சு" என்றார்.

சாயங்காலம் காளீஸ்வரியைத் துணி காயப்போடும் இடத்தில் பிடித்தேன்.

"இனிமே எழுதாத. இன்னைக்கி எம்மேல போட்டுக்கிட்டேன். எல்லா நாளும் முடியாது."

"ஒங்கள யாரு போட்டுக்கச் சொன்னா?"

"ஒன்ன வேலைய விட்டு அனுப்பிருவாக பிள்ள."

"அனுப்பட்டும். நாகஜோதியத்தான் அனுப்பிட்டாகளே." கைக்குட்டையைப் பிழிந்துகொண்டே இருந்தாள், தண்ணீர் ஒன்றும் வரவில்லை. "எங்கள மட்டும் பூட்டுறீங்கன்னு நெனைக்கிறீங்களாக்கா? சாவியக் கம்பி வழியாத்தான நீட்டுறீங்க. நீங்களும் உள்ளதான் இருக்கீங்க."

ஏழு வருடமாக நான்தான் பூட்டுகிறேன். ஒரு நாளும் இப்படி எனக்குத் தோன்றியதில்லை. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாமல் சமையல்காரம்மாளிடம் இட்லிக்காகச் சண்டை போட்டேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

ஆடிட்டுக்காகக் கதவில் பூட்டை எடுத்துவிட்டார்கள். 30ஆம் தேதி வரை. பிள்ளைகளை உட்காரவைத்து ஒத்திகை பார்த்தார் மேனேஜர். "ராத்திரி வெளிய போகலாமா?" "போகலாம் சார்." "யாரைக் கேக்கணும்?" "யாரையும் கேக்க வேண்டாம் சார்." காளீஸ்வரியை அந்த ஒரு நாளுக்கு வேறு யூனிட்டுக்கு அனுப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. சீட்டு எழுதியது அவள்தான் என்று யாருக்கும் தெரியாது. அந்த மட்டில் நிம்மதி.

எட்டு மணிக்குக் கதவருகே போய் நின்றேன். பூட்ட ஒன்றும் இல்லை. கை சும்மா இருப்பது என்னவோபோல் இருந்தது.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். ஜூன் 12 காலை, நாகஜோதியின் அப்பா வந்துசேருவதற்கு முன்னால், மேனேஜர் என்னை உட்காரவைத்து அவளுடைய பழைய லீவு லெட்டரைக் கொடுத்தார். அதைப் பார்த்து ராஜினாமாக் கடிதம் எழுதினேன். 'எனக்கு உடல்நிலை சரியில்லாததால் என் சொந்த விருப்பத்தில் வேலையிலிருந்து விலகுகிறேன்.' தேதி ஜூன் 9. அவள் புள்ளியைச் சின்ன வட்டமாகப் போடுவாள். நானும் வட்டமாகப் போட்டேன். வேலையில் இல்லாத பெண் விடுதியில் சாமான் எடுக்கத் தங்கியிருந்தபோது இறந்தால், மில்லுக்குப் பொறுப்பில்லையாம். அவள் அப்பா அந்தக் கடிதத்தைக் கையில் வாங்கி, "எம்பிள்ள எழுத்துதான்" என்று தடவிப் பார்த்தார்.

அந்த மனுஷன் தடவிய விதத்தை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

ஆடிட்டர் ஷைலஜா மேடம் கோயம்புத்தூர்க்காரர். சாதாரணப் புடவை, இதமான பேச்சு. புகார்க் கோப்பைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். முன் போட்டோ, பின் போட்டோ. "இவ்வளவு நல்லா புகாரைக் கையாள்ற மில்லை நான் பார்த்ததே இல்லை" என்றார். மேனேஜர் முகத்தில் ஒளி.

பிறகு பத்துப் பேரை மட்டும் ஒவ்வொருவராகத் தனியே கூப்பிட்டார், காளீஸ்வரி அதில் இல்லை. மேனேஜர் வெளியே இருக்க வேண்டும் என்பது திட்டத்தின் விதி. என் முறை வந்தது. உள்ளே போகும்வரை ஒத்திகையில் சொன்னதைத்தான் சொல்வதாக இருந்தேன். மேசையில் வேலையை விட்டுப் போனவர்களின் கோப்பு திறந்திருந்தது. மேலாக அந்தக் கடிதம். சின்னச் சின்ன வட்டங்கள்.

"ஒரு வெள்ளப் பேப்பர் குடுங்க மேடம்" என்றேன்.

கொடுத்தார். அவர் கண்முன்னாலேயே, கோப்பைப் பார்க்காமல், முழுக் கடிதத்தையும் நாகஜோதியின் எழுத்தில் எழுதினேன். தேதி, விலாசம், கையெழுத்து எல்லாம். எழுதி அவர் பக்கம் திருப்பி வைத்தேன். புகார்கள் எழுதியதையும் சொன்னேன். கதவைச் சொன்னேன். நாற்பது நிமிடத்தைச் சொன்னேன்.

அவர் இரண்டு கடிதத்தையும் வெகுநேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நான் சொல்றதைத் தப்பா எடுத்துக்காதீங்க. இது அவங்களா முன்வந்து சேர்ந்த திட்டம். என்னைக் கூப்பிட்டதே மில்தான். நான் எழுதற அறிக்கை முதல்ல உங்க மேனேஜர் மேசைக்குத்தான் போகும். இதை எழுதினா, யார் சொன்னதுன்னு அவருக்கு ஒரு நிமிஷத்துல தெரிஞ்சுடும்."

"தெரிஞ்சா?"

"கோப்புல இருக்கற எல்லாத்தையும் நீங்கதான் எழுதினதா சொல்றீங்க. அப்ப எதை நம்பறதுன்னு அவங்க கேப்பாங்க. உங்க மேலயே பழியைத் திருப்பிடுவாங்க." நான் எழுதிய தாளை மடித்து என் கையில் திணித்தார். "இது என்கிட்ட இருக்கக் கூடாது. திண்டுக்கல்ல தொழிற்சாலை ஆய்வாளர் ஆபீஸ் இருக்கு. அவங்க யாரும் முன்வந்து சேர்றதுக்காகக் காத்திருக்கறவங்க இல்லை. அது சட்டம். அங்க எழுதுங்க. உங்க பேர் போட்டு எழுதணும்."

என் பேர் போட்டு. தாளை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "என்ன கேட்டாங்க?" என்றார் மேனேஜர். "இட்லியப் பத்திக் கேட்டாங்க சார்" என்றேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

புதுப் பூட்டு. பழையதைவிடப் பெரியது.

செப்டம்பர் 8, திங்கள்

சான்றிதழ் வந்துவிட்டது. சட்டம் போட்டு வாசலில், பன்னிரண்டு வாக்குறுதிப் பலகைக்குப் பக்கத்தில் மாட்டினோம். எல்லாருக்கும் லட்டு. அறிக்கையில் ஒரே ஒரு குறிப்பு: 'இரவில் வெளியேறும் ஏற்பாட்டை மேம்படுத்தலாம்.' ஷைலஜா மேடத்தால் முடிந்தது அவ்வளவு. கதவைத் திறந்து வைத்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பினார்கள். மேம்படுத்தியாயிற்று.

மேனேஜர் எனக்குச் சால்வை போட்டார். "அடுத்த மாசம் மத்த ரெண்டு யூனிட்டுக்கும் போயி அங்கிருக்கற வார்டன்களுக்கும் புகார் எழுதச் சொல்லிக்கொடுங்க செண்பகம்மா" என்றார். சால்வை உறுத்தியது. சரிங்க சார் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

செப்டம்பர் 10, புதன்

பதினான்காம் கட்டிலுக்குப் பெண் வந்துவிட்டாள். தச்சன் வந்து கட்டில் காலைச் சரிசெய்துவிட்டுப் போனான், நான் சொல்ல வேறு காரணம் இல்லை. பதினெட்டு வயது. பெட்டியைத் திறந்து துணிகளை அடுக்கும்போது நீல நிறத்தில் மூச்சுக்கு இழுக்கும் மருந்து ஒன்றை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தாள். நான் பார்ப்பதைப் பார்த்து, "எப்பவாச்சும்தான்க்கா வரும்" என்று சிரித்தாள்.

காளீஸ்வரி சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

செப்டம்பர் 13, சனி

மத்தியானம் இந்துவுக்குப் போன் பண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். படிப்பு போனாலும் போகும் என்றும் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்தக் கதவு கம்பிக் கதவுதானம்மா? நான் வந்திருக்கேன்ல."

"ஆமா."

"பூட்டு சின்னப் பூட்டு."

"அப்ப சின்னதுதான்."

"ஒடச்சிருக்கலாமேம்மா."

போனை வைத்துவிட்டேன். பிறகு நானே மறுபடியும் கூப்பிட்டு, "நீ சொல்றது சரிதான்டி" என்றேன். "எழுதும்மா. படிப்ப நான் பாத்துக்கறேன்" என்றாள். இப்போது அழுதாள். நானும்.

சாயங்காலம் ஆய்வாளருக்கு எழுத உட்கார்ந்தேன். முதல் தாளில் எழுத்து குண்டாக வந்தது. கிழித்தேன். அடுத்ததில் எறும்பு மாதிரி. யார் யாருக்கோ எழுதிப் பழகிய கை. மூன்றாவது தாளில், வேகமாக, அழகு பார்க்காமல் எழுதிக்கொண்டே போனேன். நாலு பக்கம். நாகஜோதி பேரில் எழுதிய தாளையும், காளீஸ்வரி போட்ட இரண்டு சீட்டையும் சேர்த்துவைத்தேன். அவளுக்குச் சம்மதமா என்று கேட்டுக்கொண்டுதான். கடைசிப் பத்தி இது, இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

'ஜூன் 11 அன்று சாவிக்காகக் காத்திருந்தபோது, காளீஸ்வரி என்ற பெண் சமையல்கட்டிலிருந்து அம்மிக் குழவியைத் தூக்கிவந்து பூட்டை உடைக்கப் போனாள். உடைத்தால் மேனேஜர் என்ன சொல்வாரோ என்று பயந்து அவள் கையைப் பிடித்துத் தடுத்தது நான். அப்போது நாகஜோதிக்குப் பேச்சு இருந்தது. இதை யாரும் என்னை எழுதச் சொல்லவில்லை. செண்பகவல்லி, விடுதி வார்டன்.'

செப்டம்பர் 14, ஞாயிறு

காளீஸ்வரி தன் அக்காவின் வளைகாப்புக்கு ஊருக்குப் போகிறாள். அந்த நான்கு நாள் லீவை நான்தான் ஆபீசில் நின்று வாங்கினேன். கவர் அவள் பைக்குள், வளையல் டப்பாவுக்கு அடியில். இன்று ராத்திரி திண்டுக்கல்லில் சித்தி வீட்டில் தங்கி, நாளைக் காலை ஆய்வாளர் ஆபீசில் நேரில் கொடுத்து, முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஊருக்குப் பஸ் ஏறுவாள். வேன் கிளம்பும்போது, "கதவு?" என்றாள். "பாத்துக்கறேன்" என்றேன்.

இன்னும் ஒரு வாரத்தில் யார் வருவார்கள், ஆய்வாளரா மேனேஜரா, எனக்குத் தெரியாது. இரவு கத்தரிக்காய்க் குழம்பு. புதுப் பெண் இரண்டு தடவை இருமினாள், தூங்கிவிட்டாள்.

எட்டு மணிக்குக் கம்பிக் கதவைப் பூட்டிச் சாவியை வீரணன் அண்ணனிடம் கொடுத்தேன். பிறகு சமையல்கட்டுக்குப் போய்க் குழவியைத் தூக்கி வந்து கதவோரம் வைத்தேன்.